பேர் கேட்பதற்கு முன்னால்

ஓப்பநாயக்கவிலிருந்து பெல்மதுளைப் பக்கமாகப் போகிற பாதையில், ஒரு புறம் ரப்பரும் மறுபுறம் தேயிலையுமாக ஒரு தோட்டம் இருக்கிறது. அங்கே ரோட்டுக்குக் கிட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசிக் காம்பராவில் கோகிலாவும் அவளுடைய அப்பா மூக்கையாவும் இருந்தார்கள். தோட்டத்திலேயே அந்த ஒரு வீட்டில்தான் கிரேக்க தேசத்தைப் பற்றிய புத்தகங்கள் இருந்தன.

பேராதனையில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்த கோகிலாவுக்குப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையில் வேலை கிடைத்தபோது, உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பிக்க ஆள் இல்லை என்று அதிபர் அந்தப் பாடத்தை அவள் தலையில் கட்டிவிட்டார். தமிழில் நல்ல புத்தகம் கிடைப்பது கஷ்டம். அவள் இரத்தினபுரியில் சிங்களப் புத்தகங்களை வாங்கி, ராத்திரிகளில் தமிழாக்கி, பிள்ளைகளுக்குக் குறிப்புக் கொடுப்பாள். ஆரம்பத்தில் வேண்டா வெறுப்பாகத்தான் செய்தாள். பிறகு எப்போது என்று தெரியாமல் அந்தப் பாடம் அவளைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தேவர்கள் பொறாமைப்பட்டார்கள், ஒருவர் காலை ஒருவர் வாரினார்கள். மனிதர்களோ ஒரு நாள் சாகப்போகிறோம் என்று தெரிந்தும் மானத்தோடு நிற்கப் பார்த்தார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்திய அந்த மனிதர்கள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்று வாய்ச்சண்டை போடுகிறவர்களைப் போலவே அவளுக்குத் தெரிந்தார்கள்.

அன்றைக்கு அவள் எடுத்த பாடம் விருந்தோம்பல்.

"வாசலுக்கு வந்த ஆளுக்கு முதல்ல கால் கழுவத் தண்ணி, அதுக்குப் பிறகு சாப்பாடு. அவர் சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் நீங்க யாரு, எந்த ஊருன்னு கேக்கணும். அதுக்கு முன்னால பேர் கேக்குறது மரியாதை இல்ல. வந்தவர் தேவர்களுக்கெல்லாம் தலைவனோட பாதுகாப்புல இருக்காருன்னு அவங்க நம்பினாங்க" என்றாள்.

முன் வரிசையில் இருந்த நுஸ்கா கையைத் தூக்கினாள். கொடகவெலக்காரி. தாய்வழிப் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளை. எதையும் சும்மா ஏற்றுக்கொள்ள மாட்டாள்.

"பேர் தெரியாம எப்படி டீச்சர் சோறு போடுற? கள்ளனா ஈந்தா?"

"கள்ளனா இருந்தாலும் சோறு சோறுதான்."

"எதிரியா ஈந்தா?"

கோகிலா சிரித்தாள். "ஒருத்தன் கையால சாப்பிட்ட பிறகு அவனுக்கு எதிரியா இருக்க ஏலாது. போட்டவனுக்கும் அப்படித்தான். அவங்க பிள்ளைகள் காலம் வரைக்கும் அந்த உறவு போகும். எழுதுங்க, பரீட்சைக்கு வரும்."

பிள்ளைகள் எழுதினார்கள். வெளியே மழை இரைந்தது. மதியத்துக்கு முன்னாலேயே அதிபர் மணியை அடிக்கச் சொல்லி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூன்று நாளாக விடாத மழை. மலை ஊறிப்போய் நின்றது.

கோகிலா வீட்டுக்கு வந்தபோது அப்பா இல்லை. ரோட்டில் மண் சரிந்துவிட்டது, தோட்டத்து ஆம்பிளைகள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று பக்கத்துக் காம்பராவில் சொன்னார்கள். மூக்கையா ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்த மனுஷன். ஓய்ந்த பிறகும் ரோட்டில் ஏதாவது என்றால் முதல் ஆளாகப் போவார். வீட்டில் சும்மா இருப்பதுதான் அவருக்குப் பிடிக்காது. வீட்டுச் சுவரில் மகன் அஜந்தனின் படம் இருந்தது.

அஜந்தன் கோகிலாவின் தம்பி. பெல்மதுளையில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளம் வாங்கிய கையோடு பஸ்ஸில் திரும்பி வரும்போது விபத்தில் இறந்துபோனான். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறான். முன்னால் போன பஸ்ஸை முந்தப்போய், வளைவில் வண்டி கைமீறி, கல் மதிலில் உராய்ந்தது. கோகிலா அப்போது பேராதனையில் இருந்தாள். சாவுக்கு வந்தாள், எட்டாம் நாள் முடிந்து போய்விட்டாள். வழக்குக்கெல்லாம் அப்பாதான் போய் வந்தார். அம்மா இலட்சுமி அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு மூக்கையா மகன் பெயரை வாயால் சொன்னதே இல்லை. மாலையை மாற்றுவார், படத்தைத் துடைப்பார். பெயரை மட்டும் சொல்ல மாட்டார்.

கோகிலா சோற்றை இறக்கிவைத்து, பருப்பைத் தாளித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஆள் அரவம் கேட்டது. தொப்பலாக நனைந்த ஒரு மனிதன். தோளில் பனியன் துணியால் போர்த்திய ஒரு பெண் குழந்தை.

"தங்கச்சி, பஸ்ஸ நிப்பாட்டிட்டாங்க. பார வஹலா, ரோட்டு மூடிட்டு எண்டு கொண்டக்டர் எல்லாரையும் எறங்கச் சொல்லிட்டாரு. மத்தாக்கள் பௌத்த பன்சலைக்குப் போறாங்க, அது வரைக்கும் நடக்க ஏலா. புள்ளைக்குச் சரியான காய்ச்சல். கொஞ்ச நேரம் இந்தத் தாவாரத்துல நிண்டுட்டுப் போகவா?"

"தாவாரத்துல எதுக்கு? உள்ள வாங்க" என்றாள் கோகிலா.

வாளியில் தண்ணீர் வைத்தாள். அவன் காலில் இருந்த செம்மண்ணைக் கழுவினான். அப்பாவின் சாரம் ஒன்றும் துவாய் ஒன்றும் கொடுத்தாள். குழந்தையின் உடுப்பை மாற்றி, தன்னுடைய பழைய சட்டையில் சுற்றிக் கட்டிலில் படுக்கவைத்தாள். நெற்றி கொதித்தது. பலாங்கொடை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத்தான் வருகிறோம், மருந்து இருக்கிறது என்றான். கோகிலா கொத்தமல்லி அவித்துச் சீனி போட்டு ஆற்றிக் கொடுத்தாள். பிள்ளை கண்ணை அரைவாசி திறந்து, "தாத்தா, கசக்குது" என்றது.

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். இந்த லயத்தில் தாத்தா என்றால் கிழவன். கீழே கடைக்காரர் பேசுகிற சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பன். ஒரு சொல் இந்த ரோட்டில் எத்தனை பேருக்கு உறவாகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, "கசந்தாத்தான் சுகமாகும், குடிங்க" என்றாள்.

பிறகு சோறு போட்டாள். "கோழி எறச்சி ஒண்ணும் இல்ல, யோசிக்காமச் சாப்பிடுங்க. பருப்பும் கருவாடும் கீரையும்தான்."

அவன் நன்றியோடு பார்த்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை போல. தலையைக் குனிந்து வேகமாகச் சாப்பிட்டான். கோகிலா பேர் கேட்கவில்லை. காலையில் படிப்பித்த பாடம் ஞாபகத்துக்கு வந்ததால்தான் கேட்கவில்லை என்பதும் உண்மை. தானே தன் குறிப்பைச் செய்து பார்ப்பதில் ஒரு சின்னச் சந்தோஷம். நாளைக்கு நுஸ்காவிடம் சொல்லலாம். இரண்டாம் தடவை சோறு போடக் குனிந்தபோது அவன் கை பாதியில் நின்றிருந்தது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது..." என்றான்.

"என் தம்பி. இறந்துட்டான்."

அவன் தட்டைக் கீழே வைத்தான். முகம் வெளுத்துப்போனது. எழுந்து, கழுவாத கையோடு அப்படியே நின்றான்.

"தங்கச்சி, நான் அப்லால். கொடகவெல. அந்த பஸ்ஸ ஓட்டினது நான்தான்."

சோறு நிறைந்த கரண்டி கோகிலாவின் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேராதனை விடுதியில் தொலைபேசி வந்த நேரம், வார்டன் கையைப் பிடித்துக்கொண்ட விதம், வரும் வழி முழுக்கப் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண் கொடுத்த கைக்குட்டை, எல்லாம் ஒன்றாக ஏறி வந்தன. இந்த மனிதனை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் எத்தனையோ ராத்திரி இவனுக்கு ஒரு முகம் செய்து, அந்த முகத்தைத் திட்டியிருக்கிறாள். அந்த முகம் தடித்தது, மீசை வைத்தது. இந்த முகமோ ஒடுங்கியது, காதோரம் நரைத்திருந்தது.

"நான் போறன்" என்று அவன் கட்டில் பக்கம் திரும்பினான். பிள்ளையைத் தூக்கக் குனிந்தான். வெளியே மேட்டில் எங்கோ மண் பெயர்கிற சத்தம் கேட்டது, பெரிய மாடு ஒன்று புரண்டு படுப்பதைப் போல.

"வைங்க புள்ளைய" என்றாள் கோகிலா. குரல் கடுமையாகத்தான் வந்தது. "சாப்பிட்டுட்டு இருந்தது பாதியில கெடக்கு. சாப்பிடுங்க."

"எனக்கு எறங்காது தங்கச்சி."

"எறங்குற வரைக்கும் இருங்க."

அவள் குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டாள். எதிரியாக இருக்க ஏலாது என்று காலையில் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள்! இப்போது நெஞ்சுக்குள் இருப்பது எதிரிக்கு வைத்திருந்த அதே நெருப்புதான்; சோறு போட்டதால் ஒரு பொறிகூட அணையவில்லை. இவனைத் துரத்தாமல் வைத்திருப்பது புத்தகத்தில் படித்ததற்காகவா, பிள்ளையின் காய்ச்சலுக்காகவா என்று தன்னையே கேட்டாள். பிள்ளை இருமியது. எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தாள். அவன் தட்டைக் காலி பண்ணிவிட்டு, பெஞ்சின் ஓரத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான்.

இருட்டத் தொடங்கும்போது மூக்கையா வந்தார். மின்சாரம் போயிருந்தது, கோகிலா குப்பி விளக்கைக் கொளுத்தி வைத்திருந்தாள். வாசற்படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். வழக்கு நடந்த காலம் முழுக்க நீதிமன்றத்தின் கடைசிப் பெஞ்சில் இருந்து, கூண்டில் நின்றவனின் பிடரியைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் அவர். முகத்தைப் பார்க்க மனம் வராமல் பார்த்த பிடரி. விளக்கு வெளிச்சத்தில் அதை அடையாளம் கண்டுகொள்ள அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

திரும்பி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். மண்வெட்டியைக் கழுவினார். காலைக் கழுவினார். மறுபடியும் மண்வெட்டியைக் கழுவினார். கோகிலா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்பா."

"தெரிஞ்சுமா சோறு போட்ட?"

"போட்டதுக்கப்புறம்தான் தெரிஞ்சிச்சு."

"இப்பத் தெரிஞ்சிருச்சில்ல. போகச் சொல்லு. பன்சலையில ஊரு ஆளுங்க எல்லாம் இருக்காங்க, அங்க போய்ப் படுக்கட்டும்."

"மேட்டுல மண்ணு வந்துக்கிட்டே இருக்குப்பா. புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது."

"நம்ம புள்ளைக்கும்தான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். மழைத்தண்ணீர் அவர் மூக்கு நுனியில் சொட்டியது.

"நான் போகச் சொல்ல மாட்டேன்பா" என்றாள் கோகிலா. "எனக்கும் அவரப் பாத்தா பத்திக்கிட்டுத்தான் வருது. ஆனா என் கையால சோறு போட்டுட்டேன். இனி என் வாயால போன்னு சொல்ல முடியாது. சொல்றதுன்னா நீங்க போய்ச் சொல்லுங்க."

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார். சின்ன வயதிலிருந்தே அவள் பிடித்தால் விடமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். கோகிலா பின்னாலேயே போனாள்.

அப்லால் எழுந்து நின்றான். தலையை நிமிர்த்தவில்லை. "நான் வேணுமெண்டு இங்க வரல்ல. யாருட வீடு எண்டு தெரிஞ்சா வந்தீக்க மாட்டன். இப்பவே போறன்."

மூக்கையா வாயைத் திறந்தார். 'போ' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் வெளியே வந்தது வேறு.

"என் மகன் பேரு தெரியுமா ஒனக்கு?"

"அஜந்தன்" என்றான் அப்லால் உடனே. "ஒவ்வொரு வழக்குத் தவணையும் வாசிச்சாங்களே. மூக்கையா அஜந்தன். செறையில, மறியல்ல கெடந்த காலமும் மறக்கல்ல."

எத்தனையோ வருஷம் அந்த வீட்டுக்குள் உரக்கச் சொல்லப்படாத பெயர். மூக்கையா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"அவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது நீதான்னு சொன்னாங்க."

"ஓம். அந்த வழியா வந்த ஒரு த்ரீவீலர்ல. என்ட மடியிலதான் தல ஈந்திச்சு."

"கோட்டுல அதப் பத்தி யாராவது கேப்பாங்கன்னு பாத்தேன்" என்றார் மூக்கையா. "ஒவ்வொரு தவணையும் பாத்தேன். எவ்வளவு வேகம், எத்தன அடி, பிரேக்கு இருந்துச்சா இல்லையா, எல்லாம் கேட்டாங்க. அத மட்டும் ஒருத்தரும் கேக்கல. எந்திரிச்சுக் கேக்க எனக்கும் மானம் விடல. ஒங்கிட்டப் போயி நான் கேக்குறதான்னு இருந்துட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டார். "அவன் ஏதாவது பேசினானா?"

அப்லால் நிமிர்ந்து படத்தைப் பார்த்தான். ஆறுதலுக்காக ஏதாவது அழகாகச் சொல்லிவிடுவானோ என்று கோகிலா பயந்தாள். சொன்னால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

"பேசினாரு. செருப்பக் கேட்டாரு."

"என்ன?"

"ஒரு செருப்பு கழண்டு ரோட்டுல விழுந்திட்டு. 'என் செருப்பு, என் செருப்பு, புதுசு' எண்டு சொல்லிக்கொண்டே வந்தாரு. எடுத்துத் தாறன், பயப்படாதீங்க எண்டு நான் சொன்னன். வேற ஒண்டும் சொல்லல்ல. நோவுதா எண்டு கேட்டதுக்கு இல்ல எண்டு தலையாட்டினாரு. கொஞ்சத்துல குளிருது எண்டாரு. நான் என்ட சட்டையக் கழட்டிப் போத்தினன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகக்குள்ள..."

கோகிலா சுவரில் சாய்ந்துகொண்டாள். முதல் சம்பளத்தில் செருப்பு வாங்கியிருக்கிறான். பெரிய சொல் எதுவும் சொல்லாமல், பயல், செருப்பைக் கேட்டிருக்கிறான். அவனேதான். அப்படியே அவன்.

மூக்கையா எழுந்து அறைக்குள் போனார். டிரங்குப் பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் மடித்து அயர்ன் பண்ணிய ஒரு நீலச் சட்டை இருந்தது, கோடு போட்டது. ஆஸ்பத்திரியில் அஜந்தனின் உடுப்போடு கொடுத்துவிட்ட சட்டை. யாருடையது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா அதைத் துவைத்துப் பத்திரமாக வைத்திருந்தாள். கோகிலாவே அதை மறந்து போயிருந்தாள்.

"இதா?"

அப்லால் பார்த்தான். கையை நீட்டினான், தொடவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

மூக்கையா சட்டையின் கழுத்துப் பட்டையைத் தடவினார். "எங்க வூட்டுக்காரி... யாரோ புண்ணியவான் எம்புள்ள குளுரக் கூடாதுன்னு போத்திவிட்டிருக்கான்னு சொல்லுவா. சாகுற வரைக்கும் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இந்தச் சட்டைக்காரன் நல்லா இருக்கணும்னு வெளக்கு ஏத்தினா. ஒன்னயச் சபிச்சிட்டு, அதே வாயால இவனுக்குக் கும்பிடுவா. ரெண்டும் ஒரே ஆளுன்னு அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது."

அப்லால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சின்னப் பிள்ளையைப் போல வாயைத் திறந்து அழுதான். மூக்கையாவும் அழுதார். மகன் சாவிலும் மனைவி சாவிலும் அழாமல் விறைத்து நின்ற மனுஷன், சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். கோகிலா எழுந்து போய்த் தேற்றவில்லை. இருவரும் அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. "வாப்பா ஏன் அழுற?"

"அடுப்புப் பொகைம்மா" என்றார் மூக்கையா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த வூட்டுல பொக ஜாஸ்தி. ஒம் பேரு என்ன?"

"ஸம்ஹா."

பிறகு கோகிலா ரொட்டி சுட்டாள், கட்டசம்பல் இடித்தாள். மூன்று பெரியவர்களும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்லால் கேட்காமலேயே சொன்னான். அந்த ரோட்டில் தான்தான் ராஜா என்ற நினைப்பு அந்த நாளில் தனக்கு இருந்தது என்றான். எந்த பஸ்ஸும் தன்னை முந்தி டவுனுக்குள் நுழையக் கூடாது என்று இருந்தது. ஆள்கள் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள், அதுவும் நன்றாக இருந்தது. லைசன் பறிபோய், மறியலுக்கும் போய், இப்போது ஒரு டயர்க் கடையில் வேலை. மறுபடி ஓட்டலாம் என்று சொல்கிறார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்க மனம் வரவில்லை. மூக்கையா கேட்டுக்கொண்டு இருந்தார். "மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு வராது" என்றார் கடைசியில். "அத எதிர்பாக்காத."

"எதிர்பாக்கல்ல நானா" என்றான் அவன், மூத்த அண்ணனைக் கூப்பிடுவதைப் போல.

"நானா இல்ல. மாமான்னு கூப்பிடு" என்றார் மூக்கையா எரிச்சலாக, இன்னொரு ரொட்டியை அவன் தட்டில் போட்டபடி.

சட்டையை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. மறுபடியும் அது பெட்டிக்குள் போனது.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சலும் இறங்கியிருந்தது. மூக்கையாவே ஸம்ஹாவைத் தூக்கிக்கொண்டு சேற்றைத் தாண்டி, சரிந்த மண்ணுக்கு அந்தப் பக்கம் நின்ற பஸ் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தார். வரும்போது முதுகு கொஞ்சம் வளைந்திருந்ததாகக் கோகிலாவுக்குத் தோன்றியது. இத்தனை காலம் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது கோபம்தான் போலிருக்கிறது.

பாடசாலை திறந்ததும் கோகிலா அடுத்த பாடமான துன்பியல் நாடகத்துக்குப் போனாள். பெரிய மனிதன் விழுவது கெட்டவன் என்பதால் அல்ல, ஒரு பிழையினால். தன் அளவை மறந்து செய்கிற ஒரு பிழையினால் என்று குறிப்புச் சொல்லத் தொடங்கினாள். விழுந்தவனைப் பார்க்கிறவர்களுக்கு இரக்கமும் பயமும் சேர்ந்து வரும் என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. பிள்ளைகள் பேனாவோடு காத்திருந்தார்கள்.

"என்ன டீச்சர்?" என்றாள் நுஸ்கா.

"ஒண்ணுமில்ல. அன்னைக்கு நீ ஒரு கேள்வி கேட்டியே, எதிரியா இருந்தா என்ன செய்யிறதுன்னு. நான் சொன்ன பதில் அவ்வளவு சரியில்ல. சோறு போட்டவுடனே கோபம் போயிராது. அது இருக்கும். இருந்துகிட்டேதான் சோறு போடணும். அதத்தான் அவங்க பெரிசா நெனச்சிருக்காங்க."

"பரீட்சைக்கு எதை எழுதுற டீச்சர்?"

"ரெண்டையும் எழுது" என்றாள் கோகிலா.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் அப்லால் பெருநாள் சாப்பாட்டுக்கு வரச் சொல்லித் தொலைபேசியில் கூப்பிட்டான். மூக்கையா போனைக் கோகிலாவிடம் கொடுத்துவிட்டார். பெருநாளன்று காலையில் பார்த்தால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். இருவரும் பஸ்ஸில் போகும் வழியில் அந்த வளைவு வந்தது. இதுநாள் வரை அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவர், அன்றைக்கு ஜன்னல் வழியாகத் திரும்பிக் கல் மதிலைப் பார்த்துக்கொண்டே வந்தார். மதிலில் பாசி ஏறியிருந்தது. "இங்கதான் அஜந்தன்..." என்றார். கோகிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொடகவெலயில் அப்லாலின் வீடு கடைத் தெருவுக்குப் பின்னால், சின்ன வீடு. அவனுடைய உம்மா ஸபியா வாசலுக்கே வந்துவிட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மூக்கையாவைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சுதாரித்து, தண்ணீர்ச் செம்பை நீட்டி, "உள்ள வாங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்றார்.

சாப்பாட்டை வைத்துவிட்டு அப்லால் சுவரோரமாக நின்றான். தானும் உட்காரலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. மூக்கையா முதல் வாயை வைத்தார், மென்றார், விழுங்கினார்.

"அந்த எறச்சிய இந்தப் பக்கம் தள்ளு. நீ என்ன நின்னுக்கிட்டு? ஒக்காந்து சாப்பிடு" என்றார்.